புகை வராத மருந்து

வடசென்னை எர்ணாவூரில் என்னோடு சாம்பலில் விழுந்து புரண்டு வளர்ந்தவர்களே, நமக்கெல்லாம் வயதாகிவிட்டது. ஒருத்திக்கு முட்டி வலி, ஒருத்தனுக்குச் சர்க்கரை, எனக்கு இரண்டும். எங்காவது கூடினால் பிள்ளைகளின் வேலையையும் மாத்திரைகளின் பெயரையும் பேசிவிட்டுக் கலைகிறோம். போன மாதம் ஒரு வளைகாப்புப் பந்தியில் நம்மில் ஒருத்தி, "சினிமாக்காரங்க குதிரைய இட்டுனு வந்த வருசம் ஞாபகம் கீதாடி?" என்று கேட்டாள். பந்தியே சிரித்தது. நீங்கள் குதிரையையும் தொப்பியையும் நினைத்துச் சிரித்தீர்கள். நான் பாதிச் சாப்பாட்டில் இலையை மூடினேன். அந்தக் கோடையில் பாதி உங்கள் கண்முன் நடந்தது, மீதிப் பாதி எங்கள் வீட்டுக்குள் நடந்தது. அதை நான் இன்னும் யாரிடமும் சொன்னதில்லை.

அது முழுப்பரீட்சை முடிந்த லீவு. அனல்மின் நிலையத்துச் சாம்பலைத் தண்ணீரோடு கொண்டுவந்து விட்டுக் காயவிட்ட வெட்டவெளி நமக்கு நினைவிருக்கும். மதியம் காற்று திரும்பினால் கொடியில் காயும் துணியெல்லாம் விபூதி பூசிக்கொள்ளும். சோற்றில் பல் கரகரக்கும். அந்த இடத்தில்தான் ஒரு நாள் கௌபாய் படம் எடுக்கும் சினிமாக்காரர்களின் லாரிகள் வந்து நின்றன. பலகையையும் சவுக்குக் கம்புகளையும் இறக்கினார்கள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு தெரு எழுந்தது. முன்பக்கம் மட்டும் வீடு, பின்பக்கம் வெறும் முட்டு. நடுவில் இருந்த பெரிய கட்டடத்தின் நெற்றியில் சலூன் என்று ஆங்கிலத்தில் எழுதினார்கள். கௌபாய்க்கு முடி வெட்ட இவ்வளவு பெரிய கடையா என்று நாம் வாயைப் பிளந்தோம். உள்ளே எட்டிப் பார்த்தால் நாற்காலியும் இல்லை, கண்ணாடியும் இல்லை, வெறும் பாட்டில்கள். அது சாராயக்கடையாம். படம் தெலுங்கா தமிழா என்பதுகூட நமக்குக் கடைசிவரை தெரியாது.

குதிரைகள் மெரினாவில் சவாரி போகிற குதிரைகள். அவற்றுக்குக் கடல் மணல் பழக்கம், சாம்பல் பிடிக்கவில்லை. ஒரு நொடி நிற்காமல் காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டே இருந்தன. அந்த மாதம் முழுக்க எல்லாருமே அப்படித்தான் இருந்தோம். வெயில், கரண்ட் கட், பள்ளிக்கூடம் இல்லாத நாள், எப்போது துப்பாக்கி வெடிக்கும் என்ற காத்திருப்பு. யாருக்கும் ஓர் இடத்தில் உட்காரத் தோன்றவில்லை.

எங்கள் மாமாவுக்கு அது புதிதில்லை. அவர் அம்மாவின் தம்பி, எங்களோடுதான் இருந்தார். உட்கார்ந்தால் கால் ஆடும், நின்றால் விரல் சொடுக்கும். துறைமுகத்தில் மூட்டை ஏற்றப் போனார், விட்டுவிட்டார். டிரெய்லர் லாரியில் கிளீனராகப் போனார், அதுவும் நிற்கவில்லை. கொஞ்ச நாள் திருவிழாவுக்கு வாணம் விடுகிறவர்களோடு ஊர் ஊராகச் சுற்றினார். "ஒரு எடத்துல குந்துடா. பொண்ணு குடுக்கப் போறவங்க இன்னா நெனப்பாங்க?" என்று அம்மா தினமும் கேட்பாள்.

பொண்ணு எதிர்வீட்டில் இருந்தாள். ஏற்றுமதித் துணி தைக்கும் கம்பெனியில் காலர் தைக்கிற அக்கா. ஆவணியில் பார்க்கலாம் என்று இரண்டு வீட்டிலும் வாய்ப்பேச்சாக இருந்தது. மாமாவும் அக்காவும் தெருவில் நேருக்கு நேர் பேசிக்கொள்ள மாட்டார்கள். நான்தான் தூது. "ஒங்க மாமன் நாஷ்டா துன்னுச்சான்னு கேட்டுனு வா" என்று அவள் அனுப்புவாள். நான் வீதியைக் கடந்து கேட்டுவிட்டு, திரும்ப வீதியைக் கடந்து சொல்வேன். அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே இழுப்பு உண்டு. சாம்பல் அதிகமாக இருக்கும் நாட்களில் அவள் பேச்சு நடுவில் ஒரு விசில் சத்தம் கேட்கும். அதை மறைக்கச் சிரிப்பாள்.

சினிமாவில் துப்பாக்கிகளைக் கவனித்தவருக்கு நாம் குண்டு மாஸ்டர் என்று பேர் வைத்திருந்தோம். ஆள் ஈர்க்குச்சி மாதிரி. வெடிமருந்தைத் தொடப் பயப்படாத உள்ளூர் ஆள் ஒருவர் வேண்டும் என்று அவர் தேடியபோது, வாணக்காரர்களோடு சுற்றிய மாமா போய் நின்றார். அன்றைக்கே சேர்த்துக்கொண்டார்கள்.

நிஜத் தோட்டாவில் ஈயக் குண்டு இருக்கும். சினிமாத் தோட்டாவில் அது இருக்காது. பித்தளைக் குப்பியில் மருந்தைப் போட்டு, வாயை அட்டை வைத்து அடைத்துவிடுவார்கள். சுட்டால் சத்தமும் நெருப்பும் வரும். காலிக் குப்பிகளைப் பொறுக்கிக் கழுவி, காயவைத்து, மறுபடி மருந்து போட வேண்டும். மருந்து போடுவதெல்லாம் மாஸ்டரின் கூடாரத்தில்தான், அங்கே யாரும் போகக் கூடாது. கழுவுகிற வேலை மட்டும் எங்கள் வீட்டுக் கொல்லைக்கு வந்தது. அம்மா புளியைக் கரைத்துக் கொடுத்தாள். நானும் உங்களில் இரண்டு பேரும் உட்கார்ந்து தேய்த்தோம், ஞாபகம் இருக்கிறதா? குப்பிக்குள் விரல் போகாது, ஈர்க்குச்சியில் துணி சுற்றிக் குடைய வேண்டும். வெளியே எடுத்தால் துணி மைக்கூடு போல இருக்கும். அழுகின முட்டையும் தீபாவளியும் கலந்த வாசனை. கழுவி வெயிலில் வரிசையாக வைத்தால் கண் கூசும். அதில் ஒன்றை நான் ஒளித்து வைத்துக்கொண்டேன். உதட்டில் வைத்து ஊதினால் தூரத்துக் கப்பல் சங்கு மாதிரி கேட்கும். பல வருடம் கழித்துக் கடல் தெருவுக்குள் ஏறி வந்து நாங்கள் வீடு மாற வேண்டி வந்தபோது அது எங்கேயோ போய்விட்டது.

முதலில் அவர்கள் பயன்படுத்தியது கருப்பு மருந்து. ஒருமுறை சுட்டால் ஒரு மேகமே வரும். சலூன் வாசலில் நான்கு பேர் சுட்டால் சலூனே காணாமல் போய்விடும். டைரக்டர் நாற்காலியிலிருந்து எழுந்து புகை விலகும்வரை குறுக்கும் நெடுக்கும் நடப்பார். விலகினதும் இன்னொரு தடவை எடுக்கலாம் என்பார். அதற்குள் துப்பாக்கி மக்கர் செய்யும். கருப்பு மருந்தின் கரி உள்ளே படிந்திருக்கும், அதன்மேல் நம் ஊர்ச் சாம்பல் போய் உட்கார, இரண்டும் சேர்ந்து களியாகிவிடும். கதாநாயகன் இடுப்பிலிருந்து ஸ்டைலாக உருவி விசையை இழுத்தால் 'க்ளிக்' என்று மட்டும் கேட்கும். வேடிக்கை பார்க்க வந்த மொத்தக் கூட்டமும் சிரிக்கும். மாமா மண்ணெண்ணெய் டப்பாவோடு ஓடுவார்.

அக்காவின் கம்பெனியில் ஆர்டர் இல்லை என்று அந்த மாதம் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கும்பலில் நிற்கப் பெண்கள் வேண்டும் என்று சினிமா ஏஜென்ட் தெருவில் கேட்டு வந்தபோது அவள் முதல் ஆளாகப் பேர் கொடுத்தாள். தரையைப் பெருக்குகிற நீளத்தில் பாவாடை, தலையில் ரிப்பன் கட்டிய தொப்பி. தெருவே அவளைப் பார்க்கப் போனது. "தையல் மிசின் முன்னாடி குந்தி குந்தி முதுகு ஒடஞ்சு போச்சு. இங்க சொம்மா நிக்கறதுக்குச் சோறு போடறாங்க பாரு" என்று என்னிடம் சொன்னாள். அந்த மாதத்தில் நிதானமாகச் சந்தோஷப்பட்ட ஒரே ஆள் அவள்தான்.

ஆனால் ஒவ்வொரு தடவை சுட்டு முடிந்ததும் அவள் மெதுவாக நழுவித் தண்ணீர் லாரிக்குப் பின்னால் போவாள். முழங்காலில் கைகளை ஊன்றிக்கொண்டு குனிந்து நிற்பாள். முதுகு ஏறி இறங்கும். கொஞ்ச நேரத்தில் முகத்தைத் துடைத்துக்கொண்டு தன் இடத்துக்கு வந்துவிடுவாள். மாமா கூடாரத்து வாசலிலிருந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் என்னிடம் கேட்டார்.

"அதுக்கு ரொம்ப இழுக்குதா?"

"போயி கேட்டுனு வரவா மாமா?"

"வாணாம். கேட்டா ஒண்ணுமில்லன்னுதான் சொல்லும். நான் பாத்துக்கறேன்."

அன்றைக்கே குண்டு மாஸ்டரிடம் போய் மருந்தை மாற்ற வேண்டும் என்றார். நான் பக்கத்தில்தான் நின்றேன். துப்பாக்கி மக்கர் செய்வதைப் பற்றித்தான் பேசினார். அக்காவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"புகை வராத மருந்து கீதாமே மாஸ்டர்?"

"கீது. எங்கிட்டயே ரெண்டு தினுசு வெச்சிருக்கேன். ஆனா புகை இல்லன்னா சுட்ட மாதிரியே இருக்காதுடா. சொம்மா கைய நீட்டின மாதிரி இருக்கும்."

"நெருப்பு தெரியும்ல. மூணுத்தையும் போட்டுப் பாத்து ஒண்ணு சொல்றேன்."

மாஸ்டருக்கும் டைரக்டரிடம் திட்டு வாங்கி அலுத்திருந்தது. மறுநாள் காலையில் தானும் வந்தார்.

அந்தக் காலையை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வரும். கடலோரத்தில் கருங்கல் கொட்டியிருந்த இடத்துக்குப் போனோம். வெள்ளைத் துணி வேண்டும் என்று மாமா வீட்டிலிருந்து ஒரு வேட்டியை எடுத்து வந்திருந்தார். இரண்டு துடுப்புகளை நட்டு அதைக் கட்டினார். மாஸ்டர் மூன்று மருந்திலும் தோட்டா செய்து கொண்டு வந்திருந்தார். ஒவ்வொன்றாக வேட்டிக்குப் பக்கத்திலிருந்து சுட்டு, கறையைப் பார்ப்பது என்று ஏற்பாடு. எங்களை ரொம்பத் தள்ளி நிற்க வைத்தார்கள்.

கருப்பு மருந்து 'டொம்' என்றது. வேட்டியில் தோசைக்கல்லின் அடிப்பக்கம் போல ஒரு வட்டம். இரண்டாவது மருந்து சரியாக எரியவில்லை, மஞ்சள் கறையும் அதில் கடுகு ஒட்டினாற்போல எரியாத துகள்களும். மூன்றாவது 'படீர்' என்றது. போய்ப் பார்த்தால் டீ கிளாஸ் வைத்து எடுத்த மாதிரி லேசான ஒரு பழுப்பு வளையம், அவ்வளவுதான். மாமா வேட்டியில் முகத்தைப் புதைத்து மோந்தார். என்னைக் கூப்பிட்டார். "மோந்து பாரு. இருமல் வருதா?" வரவில்லை. உங்களைக் கேட்டார். கல்லின் மேல் உட்கார்ந்து வலை பிரித்துக்கொண்டிருந்த தாத்தாவைக்கூடக் கேட்டார்.

"புகை ஒண்ணியும் இல்லபா. சத்தம்தான் காதாண்ட வந்து அறையுது" என்றார் தாத்தா.

"சத்தம்தான, அதுக்குத்தான வெடிக்கறோம்" என்றார் மாமா. மாஸ்டரும் தலையாட்டினார். நான் காதைப் பொத்திக்கொண்டிருந்தேன், மாமா பொத்தவில்லை. அன்றைக்கு யாரும் அதைக் குறையாக நினைக்கவில்லை. அந்த மருந்துக்கு அட்டையைக் கெட்டியாக வைத்து இறுக்க வேண்டும், தளர்ந்தால் பாதி எரியாமல் நின்றுவிடும் என்று மாஸ்டர் விளக்கியது மட்டும் காதில் விழுந்தது.

வேட்டியை மடித்தபோதுதான் மாமா ஓரத்துச் சரிகையைக் கவனித்தார். அது என் அப்பாவின், எங்கள் நைனாவின், கல்யாண வேட்டி. நைனா அன்று மீன்பிடித் துறைமுகத்திலிருந்து வந்து அதைப் பிரித்துப் பார்த்தார். மூன்று வட்டங்களையும் விரலால் தொட்டார். "அடுத்த கண்ணாலம் இன்னா கட்டிக்கிறது நான்?" என்று அம்மாவைக் கேட்டார். எங்கள் வீட்டில் எல்லாரும் சேர்ந்து சிரித்தது அந்த வருடத்தில் அதுதான் கடைசி.

மருந்து மாறியதும் படப்பிடிப்பின் வேகமே மாறியது. சுட்ட மறுநொடி முகங்கள் தெரிந்தன. துப்பாக்கி மக்கர் செய்யவில்லை. எங்களுக்குக் கழுவ வந்த குப்பிகளில் அழுக்கே இல்லை. டைரக்டர் மாமாவைத் தோளில் தட்டினார். தண்ணீர் லாரிக்குப் பின்னால் அக்கா போவது நின்றது. மாமா ஒரே இடத்தில் நின்று பீடி குடிப்பதை முதல்முறை பார்த்தேன்.

புகை இருந்தவரை ஜனங்களே விலகி நின்றார்கள். மாஸ்டர் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டிருந்தார், யாரும் அதைத் தாண்ட மாட்டார்கள். அப்படியொரு நாற்றம், அப்படியொரு மேகம். இப்போது பயப்பட ஒன்றும் கண்ணுக்குத் தெரியவில்லை. கேமராமேன் கொஞ்சம் கிட்டே வரச் சொன்னார், வந்தார்கள். இன்னும் கொஞ்சம் என்றார், வந்தார்கள். சுண்ணாம்புக் கோட்டின் மேல் சாம்பல் மூடிவிட்டது. மாஸ்டர் திரும்பப் போடவில்லை. அவர் சோம்பேறி இல்லை, அவருக்கும் அது தேவை என்று தோன்றவில்லை.

அது நடந்த அன்று, காலை வெயில் ஏறுவதற்கு முன் சலூன் வாசல் காட்சி. வில்லனின் ஆள் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்து, திரும்பிச் சுட வேண்டும். கும்பல் பெண்கள் வாசலின் ஓரமாக நிற்க வேண்டும். அக்கா வழக்கம்போலப் பின்வரிசையில் நின்றாள். மாமா போய் அவளிடம் பேசினார். தெருவில் எல்லாரும் பார்க்க அவர் அவளிடம் நேரடியாகப் பேசியது அதுதான் முதல் தடவை.

"இப்பதான் புகை இல்லியே. முன்னாடி வந்து நில்லு. மொகம் தெரியும்."

அவள் வெட்கப்பட்டு, மற்றப் பெண்களைப் பார்த்துவிட்டு முன்னால் வந்து நின்றாள்.

வில்லனின் ஆள் வந்தான், திரும்பினான். ரிகர்சலில் திரும்பியதைவிட ஓர் அடி கூடுதலாகத் திரும்பியிருப்பான். துப்பாக்கி அவள் இடது தோளுக்குப் பக்கத்தில் வெடித்தது. அவள் விழவில்லை, கத்தவும் இல்லை. ஒரு கை காதுக்குப் போனது. மற்றபடி சொல்லிக்கொடுத்தபடியே நின்றாள். டைரக்டர் கட் சொன்னார். எல்லாரும் கலைந்தார்கள், அவள் மட்டும் நின்றாள். பக்கத்துப் பெண் ஏதோ கேட்க, அவள் அந்தப் பெண்ணின் வாயையே பார்த்தாள். மாமா அங்கிருந்தே கையை ஆட்டிச் சிரித்தார். அவள் மாமாவின் வாயையும் பார்த்தாள். கையை எடுத்தபோது காதிலிருந்து கழுத்துக்கு ஒரு சிவப்புக் கோடு இறங்கியிருந்தது. அதில் சாம்பல் ஒட்டிக்கொண்டிருந்தது. அட்டைத் துண்டு பட்ட இடம் காதுக்குப் பின்னால் கன்றிப் போயிருந்தது.

பெரிய ஆஸ்பத்திரிக்கு சினிமா வேனிலேயே கொண்டுபோனார்கள். குண்டு மாஸ்டர் வாசலிலேயே உட்கார்ந்திருந்தார், டீகூடக் குடிக்கவில்லை என்று நைனா சொன்னார். காயம் ஆறிவிடும், இடது காதில் கேட்பது இனி வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பிறகு சினிமாக்காரர்கள் மிச்சத்தை வேறு எங்கோ எடுக்கப் போனார்கள். சலூன் பலகைகள் நம் வீடுகளுக்குக் கூரையாயின. உங்களில் ஒருவர் வீட்டுக் கோழிக்கூண்டின் மேலும் ஓர் ஆங்கில எழுத்து இருந்தது.

மாமா உள்ளறைக்குப் போய்ப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. கால் ஆடவில்லை, விரல் சொடுக்கவில்லை. ஆடாமல் கிடந்த மாமாவைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. அதற்கு ஈடாக அம்மா ஆட ஆரம்பித்தாள். வாசலுக்கும் அடுப்புக்கும் நடந்தாள், பாத்திரத்தை இடம் மாற்றி மாற்றி வைத்தாள். ஒரு நாள் முந்தானையைச் செருகிக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனாள். நானும் பின்னால் போனேன்.

"இந்தக் கண்ணாலப் பேச்சு வாணாம்கா. அவன் மூஞ்சப் பாக்கறப்பல்லாம் அதுக்கு இதுதான ஞாபகம் வரும். ஒம் பொண்ணுக்கு இன்னாத்துக்கு அந்த வேதன?" என்று அக்காவின் அம்மாவிடம் சொன்னாள். அம்மா நல்ல எண்ணத்தில்தான் சொன்னாள். சொல்லும்போதே அழுதாள்.

அக்காவின் அம்மா அழவில்லை. "காது போன பொண்ணு வாணாம்னு நேரா சொல்லிட்டுப் போ. இன்னாத்துக்குச் சுத்தி வளைக்கிற?" என்றாள்.

அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தாள். அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லை. அம்மா இரக்கத்தில் சொன்னது அங்கே அவமானமாகப் போய்ச் சேர்ந்தது என்பது எனக்கே ரொம்ப வருடம் கழித்துத்தான் புரிந்தது. அதைவிடக் கஷ்டம், அவர்கள் பேசியபோது அக்கா அதே அறையின் மூலையில், கேட்காத காது எங்கள் பக்கம் இருக்க, சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். அவள் தூங்குவதாக இரண்டு பேரும் நினைத்தார்கள். மற்றக் காதில் எல்லாம் விழுந்திருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது.

நைனா தன் வழியில் ஒரு முடிவு செய்தார். குஜராத்தில் விசைப்படகுக்கு ஆள் எடுக்கிறார்கள், கூட வேலை செய்தவர் ஒருவர் அங்கே இருக்கிறார், மாமாவை அனுப்பிவிடலாம் என்றார். "கடலுக்குப் போனா மனசு மாறிடும்." மாமா பாயை விட்டு எழாமலே கேட்டுக்கொண்டார். அம்மா பையில் துணி அடுக்கினாள்.

அக்கா எங்கள் வாசலுக்கு வந்தாள். "அவரு இல்லியா?" அம்மா கதவை ஒருக்களித்து, "ஊர்ல இல்லம்மா" என்றாள். அவள் போய்விட்டாள். அடுத்த நாளும் வந்தாள், அதே பதில். பேசும்போது தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, வலது காதை முன்னால் கொண்டுவருவது அதற்குள் அவளுக்குப் பழக்கமாகிவிட்டிருந்தது. அம்மாவால் அதைப் பார்க்க முடியவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டேதான் பொய் சொன்னாள்.

அதற்கடுத்த நாள் அக்கா வந்து எதுவும் கேட்கவில்லை. வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஊர்ல இல்லன்னு சொல்றேன்ல" என்றாள் அம்மா.

"செருப்பு இங்க கீதே."

"அது பழசு."

"அப்ப வரட்டும். குந்திகினு இருக்கேன்."

சாம்பல் காற்று அடித்தது. தெருவில் எல்லாரும் ஏதோ வேலையாக வெளியே வந்து வந்து பார்த்தார்கள். தண்ணீர் லாரி வந்தபோது அவள் எழுந்து போய் எங்கள் குடத்தையும் சேர்த்துப் பிடித்து வந்து வைத்தாள், மறுபடி உட்கார்ந்தாள். அம்மாவுக்கு உள்ளே இருப்புக் கொள்ளவில்லை. அவளுடைய அம்மா எதிர்வாசலிலிருந்து, "எழுந்து வாடி, மானம் போவுது" என்று கத்தினாள். அக்கா தலையைத் திருப்பி, கேட்காத காதை அந்தப் பக்கம் வைத்துக்கொண்டாள்.

வெயில் படிக்கு ஏறிய பிறகு உள்ளறைக் கதவு திறந்தது. மாமா வந்தார். தாடி வளர்ந்திருந்தது. அவள் எழுந்திருக்கவில்லை. அண்ணாந்து பார்த்தாள்.

"மருந்த எனக்காகத்தான் மாத்தினியா?"

மாமா தலையாட்டினார்.

"யாராரக் கேட்ட?"

அவர் தாடியைத் தடவினார்.

"மாஸ்டரக் கேட்ட. இந்தப் பசங்களக் கேட்ட. வலக்கார தாத்தாவக்கூட கேட்டியாமே. எனக்கு இழுப்பு. எம்மா நேரம் நிக்க முடியும், எப்ப நகரணும்னு எனக்குத் தெரியும். புகை இருந்தப்ப நான் நகந்து போயி நின்னேன். என்ன ஒரு வார்த்த கேட்டியா?"

"தப்புதான்" என்றார் மாமா.

"முன்னாடி வந்து நில்லுன்ன, நின்னேன். நானும்தான் ஆசப்பட்டு நின்னேன். அத்த ஒம் மேல போடல." அவள் குரலில் அந்த விசில் வந்தது. மூச்சு வாங்கிக்கொண்டு அம்மாவைப் பார்த்தாள். "நீயும் என்னக் கேக்கலக்கா. எங்கம்மாவும் கேக்கல. நீங்களே பேசி நீங்களே முடிச்சிட்டீங்க. குஜராத்துக்குப் போறாராமே, அத்த கடக்காரன் சொல்லித்தான் எனக்குத் தெரியணுமா?"

அம்மா கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மாமா படியில் இறங்கி அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். குனிந்து ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்று எனக்கே கேட்கவில்லை. அவள் அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"இந்தப் பக்கம் வா. அங்கேருந்து சொன்னா வராது."

அவர் எழுந்து அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தார். இரண்டு வாசலும் தெருவும் அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தன. பெரிதாக ஏதோ கேட்கப் போகிறார் என்று நானும் நினைத்தேன்.

"தண்ணி வேணுமா?" என்று கேட்டார்.

அவள் கொஞ்சம் யோசித்தாள்.

"வேணும்."

அவரே உள்ளே போய் மொண்டு கொண்டுவந்தார். அம்மா அடுக்கிய பை அவர் காலில் தட்டுப்பட்டது. தாண்டி வந்தார்.

அவர் குஜராத்துக்குப் போகவில்லை. கன்டெய்னர் யார்டில் வேலைக்குச் சேர்ந்து, பொறுக்க முடியாமல் இரண்டு முறை விட்டு, மறுபடி சேர்ந்தார். துப்பாக்கி மருந்தின் பக்கம் போகவே இல்லை. கல்யாணம் ஆவணியில் நடக்கவில்லை, அக்காவின் அம்மா மனம் இளகத் தை வரை ஆனது. நீங்கள் எல்லாரும் வந்து சாப்பிட்டீர்கள். மணவறையில் ஒரு சின்னச் சலசலப்பு வந்ததே, அது உங்களுக்கு எட்டியிருக்காது. பெண் மாப்பிள்ளைக்கு வலது பக்கம்தான் உட்கார வேண்டும் என்று ஒரு பெரியவர் பிடிவாதம் பிடித்தார். அப்படி உட்கார்ந்தால் மாமா அவளுடைய இடது காதுப் பக்கம் வருவார். பெரியவர் சாஸ்திரம் பேசினார், நைனா அவரோடு மல்லுக்கு நின்றார். மாமா யாருக்கும் பதில் சொல்லாமல் அவள் பக்கம் சாய்ந்து, எந்தப் பக்கம் உட்காருகிறாய் என்று கேட்டார். மேளச் சத்தத்தில் அவளுக்கு அது விழவில்லை. மாமா கையை மடியில் வைத்துக்கொண்டு, மேளம் ஓயும்வரை அசையாமல் உட்கார்ந்திருந்துவிட்டு, திரும்பக் கேட்டார்.